ஒரு கட்டு அம்பு, 14 பென்னி

நேயர்களுக்கு வணக்கம்.

1341-ஆம் ஆண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டிருக்கிறது. மூன்றாம் எட்வர்ட் மன்னரின் அரசு, ஷெரிஃப்கள் எனும் வட்டார அதிகாரிகள் மூலம் வில்லும் அம்பும் வாங்குகிறது. சாயம் பூசாத வில் 12 பென்னி, பூசியது 18. அம்பு கட்டுக் கணக்கில் வரும், கட்டுக்கு 24. எஃகு முனை வைத்த கட்டு 14 பென்னி, எஃகு இல்லையென்றால் 12.

"இன்றைய காசில் எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு உருப்படியான பதில் கிடையாது. எத்தனை நாள் கூலி என்று கேட்டால் பதில் உண்டு.

முதலில் காசு. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக பவுண்டுக்கு 240 பென்னி. கையில் புழங்கியது வெள்ளிப் பென்னிதான். பவுண்டு கணக்கேட்டில் மட்டும் இருந்தது. நாணயமாக வந்தது 1489-ல். 'மார்க்' என்றும் ஒன்று வரும், 160 பென்னி. அதைப் பவுண்டு என்று படித்துவிட்டால் தொகை ஒன்றரை மடங்காகிவிடும். அதனால் எதையும் முதலில் பென்னியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து கூலி. 1348-ல் வந்த கொள்ளைநோயில் ஆட்கள் மடிந்ததால் கூலி எகிறியது. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1351-ல் சட்டம் போட்டார்கள். சட்டம் எந்த அளவுக்குப் பலித்ததோ, நமக்கு 1340-களின் கூலி விவரம் கிடைத்துவிட்டது! தலைமைத் தச்சருக்கு நாளுக்கு 3 பென்னி, மற்றத் தச்சருக்கு 2, கொத்தனாரின் சிற்றாளுக்கு ஒன்றரை. சாப்பாடு கிடையாது. இதுவும் ஈஸ்டர் முதல் செப்டம்பர் கடைசி வரைதான். பிறகு பகல் சுருங்கும், கூலியும் சுருங்கும். ஞாயிறும் திருவிழா நாளும் வேலை இல்லை. ஆகவே நாள்கூலியை 365-ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இப்போது கணக்குப் போடலாம். சாயம் பூசாத வில்லுக்குத் தலைமைத் தச்சரின் நான்கு நாள் கூலி. எஃகு முனை அம்பு ஒரு கட்டுக்கு ஏறக்குறைய ஐந்து நாள். சிற்றாளுக்கோ ஒன்பது நாளுக்கும் மேல். அந்த வில்லைவிட அம்புக்கட்டுதான் விலை அதிகம்! அதுவும் சண்டையில் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். காம்பு சீவ ஒருவர், முனை அடிக்கக் கொல்லர், ஒவ்வொரு அம்பிலும் மூன்று இறகு. 1417-ல் மன்னர் ஐந்தாம் ஹென்றி, பெருவாத்து ஒன்றுக்கு ஆறு சிறகிறகு வீதம் பிடுங்கி அனுப்பச் சொன்னார். அப்படிப் பார்த்தால் ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு வாத்து.

கவசம் வேறு உலகம். 1441-ல், இத்தாலியின் மிலான் நகரக் கவசம் ஒன்றின் விலை 8 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி, அதாவது 2,000 பென்னி. 1415-ல் பிரான்சுக்குப் போன வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்னி. அந்தச் சம்பளத்தில் 333 நாள். இதை 1351-ன் தச்சர் கூலியோடு ஒப்பிடக் கூடாது. இடையில் கூலி ஏறிவிட்டது. போர்க்குதிரையின் விலையை எழுதும்போதும் எச்சரிக்கை வேண்டும். போரில் செத்தால் அரசு நஷ்டஈடு தரும் என்பதால், பட்டாளத்தில் சேரும்போதே மதிப்புப் போட்டுப் பதிவார்கள். அது சந்தை விலை அல்ல, நஷ்டஈட்டுக்கான மதிப்பு. கூட்டிச் சொல்ல உரிமையாளருக்குக் காரணம் இருந்தது.

ரொட்டியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டுச் சட்டப்படி கால் பென்னி ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். அந்த எடையையும் காசாலேயே சொன்னார்கள். 8 புஷல் (தானியம் அளக்கும் அளவை) கோதுமை 12 பென்னிக்கு விற்றால் ரொட்டி '6 பவுண்டு 16 ஷில்லிங்' எடை, அதாவது 1,632 வெள்ளிப் பென்னிகளின் கனம். கோதுமை 24 பென்னி ஆனால் அதில் சரிபாதி. விலைப் பட்டியலில் 'ரொட்டி, கால் பென்னி' என்பதை மட்டும் பார்ப்பவர், பஞ்சத்திலும் ரொட்டி விலை ஏறவில்லை என்று எழுதிவிடுவார்.