நீலக்கல் அல்லாத ஒரு நீலம்

(மயிலாடுதுறையில் மாணவர்களும் நகைத்தொழில் செய்பவர்களும் கூடிய அவையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சனிப்பெயர்ச்சி வந்துவிட்டால் திருநள்ளாற்றுக்குக் கூட்டம் போகிறது. நகைக்கடையில் நீலக்கல் மோதிரமும் கேட்கிறார்கள். வாங்குகிறவர் பார்ப்பது நிறத்தைத்தான். கல்லைப் பற்றி ஆகக் குறைவாகச் சொல்வதும் அந்த நிறம்தான்!

1907இல் கலிபோர்னியாவில் சான் பெனிட்டோ ஆற்றின் தலைப்பகுதியில் நீலப் படிகங்கள் கிடைத்தன. முதலில் நீலக்கல் என்றே நினைத்தார்கள். லௌடர்பேக் என்ற பேராசிரியர் சோதித்துப் பார்த்து, இது புதுக் கனிமம் என்றார். பேரியமும் டைட்டானியமும் கொண்ட சிலிகேட். பெயர் பெனிட்டோயிட். நகைக்கு ஆகிற தரத்தில் அநேகமாக அந்த வட்டாரத்தில் மட்டுமே கிடைக்கிறது.

படிகங்களைச் சமச்சீர் அமைப்பை வைத்துப் பிரித்தால் 32 வகுப்புகளில்தான் அமைய முடியும் என்று ஹெஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1830இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அதில் ஒரு வகுப்புக்கு இயற்கையில் உதாரணமே அகப்படவில்லை. முக்கோண வடிவில் வந்த இந்தக் கல்தான் அந்த இடத்தை நிரப்பியது. எனக்கு இதில் ஆகப் பிடித்த செய்தி இதுதான்.

திருச்சிப் பக்கம் பட்டை தீட்டுகிறவர்கள் யாராவது வந்திருந்தால் இதைக் கவனியுங்கள். நீலக்கல்லை அதன் நெட்டச்சு, அதாவது படிகத்தின் முதன்மை அச்சு வழியாகப் பார்த்தால் நீலம் அடர்த்தி. பெனிட்டோயிட்டை அப்படிப் பார்த்தால் நிறமே இராது. குறுக்கே பார்த்தால்தான் நீலம். நீலக்கல் பழக்கத்தில் தீட்டினால் வெளுத்த கல்தான் கையில் வரும்.

சரி, எப்படி அடையாளம் காண்பது? கல்லுக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரிவதை இரட்டை விலகல் என்பார்கள். நீலக்கல்லுக்கு அது 0.008, பெனிட்டோயிட்டுக்கு 0.047. அதனால் பெனிட்டோயிட்டை லென்ஸ் வைத்து மேல்முகம் வழியாகப் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். குறுகிய அலை புற ஊதா விளக்கில் பளிச்சென்று நீலமாக ஒளிரும். நீலக்கல் பெரும்பாலும் சும்மா இருக்கும். வெள்ளொளியை வானவில் நிறங்களாகப் பிரிக்கும் நிறப்பிரிகை பெனிட்டோயிட்டுக்கு 0.044, வைரத்துக்குச் சமம். ஆனால் கல் அடர்நீலமாக இருந்தால் அந்த வானவில் மினுக்கு அமுங்கிவிடும். வெளிறிய கல்லில்தான் அது தெரியும். அடர்நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

மோதிரத்துக்கு ஆகுமா என்று ஒரு கடைக்காரர் கேட்டார். கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் நீலக்கல்லின் கடினம் 9. இதற்கு 6 முதல் 6.5 வரைதான். நம் காவிரி மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7. அந்தத் தூசியைத் துணியால் துடைத்தாலே கீறல் விழலாம். தோட்டிலோ பதக்கத்திலோ பதியுங்கள்.