சிறைப்பட்ட சர்வாதிகாரியும் ஒரு கர்தினாலின் இரக்கமும்

அவையோர்க்கு வணக்கம்.

2003 டிசம்பர் 13 அன்று, திக்ரித் நகரை ஒட்டிய ஓர் ஊரில், நிலத்துக்கடியில் தோண்டிய குழியிலிருந்து, ஈராக்கின் பதவியிழந்த அதிபர் சதாம் உசேன் அமெரிக்கப் படையினரிடம் பிடிபட்டார். மறுநாள் உலகமே அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பரட்டைத் தலையும் நரைத்த தாடியுமாக அவர் இருக்க, கையுறை அணிந்த ஒருவர் அவருடைய தலைமுடியை விலக்கிப் பார்க்கிறார். பிறகு வாயைத் திறக்கச் செய்து உள்ளே விளக்கடித்துச் சோதிக்கிறார்.

இரண்டு நாள் கழித்து, கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையிடமான வத்திக்கானில், நீதி, அமைதிக்கான திருப்பீட அவையின் தலைவராக இருந்த கர்தினால் ரெனாட்டோ மார்டினோ, மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் சதாமை நடத்தியதைக் கண்டு இரக்கம் கொண்டதாகவும், அந்தப் படங்களைக் காட்டாமல் விட்டிருக்கலாம் என்றும் கூறினார். மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் அதற்கு உரை தேவையில்லை.

கண்டனம் எழுந்தது. 1988இல் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் நச்சுப்புகையால் ஏறத்தாழ 5,000 குர்து மக்களைக் கொன்ற ஆட்சியின் தலைவனுக்கா இரக்கம் என்று கேட்டவர்களின் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கர்தினால் அவரை விடுவிக்கச் சொல்லவில்லை. கைதியைக் காட்சிப்பொருளாக்காதீர்கள் என்றுதான் சொன்னார். போர்க்கைதிகளைப் பொதுமக்களின் வேடிக்கைக்கு உள்ளாக்கக் கூடாது என்பது 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு. அதே 2003 மார்ச்சில், பிடிபட்ட தம் வீரர்களை ஈராக் தொலைக்காட்சி காட்டியபோது இந்த உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டிக் கொதித்தெழுந்தது அமெரிக்காதான். பிடிபட்டவர் சதாம்தான் என்று ஈராக் மக்களை நம்பவைக்க வேண்டியிருந்தது என்பது அதன் சமாதானம். அதற்கு முகம் போதாதா? வாய்க்குள் விளக்கடித்ததைக் காட்டியதில் என்ன அடையாளம் கூடுதலாகத் தெரிந்தது?

2006 நவம்பரில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோதும் மார்டினோ, குற்றத்துக்கு இன்னொரு குற்றத்தால் தண்டனை தருவதா என்று கேட்டார். டிசம்பர் 30 அன்று, சன்னி முஸ்லிம்கள் தியாகத் திருநாள் கொண்டாடத் தொடங்கிய அதிகாலையில், தண்டனை நிறைவேறியது. கழுத்தில் கயிறு விழுந்த நிலையிலும் சிலர் ஷியா தலைவர் முக்தாதாவின் பெயரைக் கூவிச் சதாமை எள்ளியதைக் கைபேசி ஒன்று பதிவுசெய்தது. அந்தப் படம் பரவியபின், அந்த எள்ளலே பெரும் பேசுபொருளாயிற்று. படம்பிடித்தது யார் என்று விசாரிக்க ஈராக் அரசே உத்தரவிட நேர்ந்தது.