சம்மட்டி எடுத்த தலைவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இதற்கு மேல் வணக்கம் சொன்னால் பேச நேரம் இருக்காது. வாய்ப்புச் செலவு என்பதே அதுதான். இங்கே போட்டது அங்கே இருக்காது. படைக்குப் போட்ட பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இருக்காது, அதுதான் எங்கள் அணியின் வாதம்.

எதிரணி நண்பர் கேட்டார்: "படைக்கான பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, எதிரி வந்தால் பள்ளிக்கூட மணியை அடிப்பீர்களா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நல்ல வரி! சரி, பதிலைக் கேளுங்கள்.

1948. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா. உள்நாட்டுப் போரில் துப்பாக்கி தூக்கி ஜெயித்து ஆட்சிக்கு வருகிறார் ஹோசே ஃபிகெரெஸ். ஜெயித்தவர் என்ன செய்வார்? படையைப் பெருக்குவார். இவர்? டிசம்பர் 1, தலைநகரில் பெல்லாவிஸ்தா படைக்கோட்டை. கையில் வாளா? இல்லை. துப்பாக்கியா? இல்லை. சம்மட்டி! நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள், சம்மட்டி. ஓங்கினார், சுவரில் போட்டார் ஒரு போடு. இனி ராணுவமே கிடையாது! கோட்டையை எதிரி இடித்துப் பார்த்திருக்கிறோம். சொந்தக் கோட்டையில் சம்மட்டி போட்ட ஆட்சித் தலைவரை எங்கே பார்த்தோம்? இன்று அது தேசிய அருங்காட்சியகம். குண்டு துளைத்த தடம் மட்டும் சுவரில் இருக்கிறது.

"எதிரி வரவில்லையா?" வந்தான், மறைக்க மாட்டேன். அதே மாதம் அண்டை நாடான நிகரகுவா பக்கமிருந்து நுழைந்தார்கள். அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டது, வந்தவர்கள் திரும்பினார்கள். அதற்குப் பிறகாவது கோஸ்டா ரிக்காக்காரர்கள் பயந்தார்களா? 1949 அரசியல் சட்டத்தில், 12-ஆம் பிரிவாக, நிரந்தர ராணுவம் இல்லை என்று எழுதியே வைத்துவிட்டார்கள்!

எல்லா நாடும் சம்மட்டி தூக்கட்டும் என்று சொல்லவில்லை. கணக்குப் பாருங்கள் என்கிறேன். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவரும் ஒரு தளபதிதான். 1944-ல் பிரான்சின் நார்மண்டியில் படை இறக்கிய ஐசன்ஹோவர், அமெரிக்க அதிபரானதும் 1953 ஏப்ரலில் சொன்னார்: ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஊருக்கொரு பள்ளிக்கூடம் கட்டலாம்.

மணியில் கை வைக்கிறீர்கள் நடுவர் அவர்களே, அரை நிமிடம். எல்லையில் நிற்கும் சிப்பாயை எதிரணி தங்கள் சாட்சி என்றார்கள். அவருக்கும் ஊரில் ஒரு மகள் உண்டு. அவளுக்கு இன்று காய்ச்சல். மருத்துவமனைக் கட்டடம் இருக்கிறது, டாக்டர் இல்லை. பனியில் நின்றபடி போனில் கேட்கிறார்: "டாக்டர் வந்துட்டாரா?" அவர் மனைவி என்ன சொல்வார், நண்பரே? அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறீர்களா?