பெரிய வீட்டு வைத்தியர் அம்மாவும் மருத்துவச்சியும் தோழிங்களா இருந்திருப்பாங்களா? - சந்தேகமும் விளக்கமும்

சரி, அடுத்த கேள்வி. கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கி படிக்கிறேன். "அக்கா, ராஜா காலத்து சீனாவ வச்சு எழுதுற நாவல்கள்ல பெரிய வீட்டுல பொறந்த வைத்தியம் தெரிஞ்ச பொண்ணுக்கும் ஊர் மருத்துவச்சியோட பொண்ணுக்கும் உயிருக்கு உயிரான ஃபிரண்ட்ஷிப்னு வருது, இதெல்லாம் அந்தக் காலத்துல நடக்குற காரியமா, இல்ல இப்ப இருக்குற நம்ம ஆசைய கொண்டு போய் அங்க வச்சிட்டாங்களா? அப்புறம் பொம்பளைங்க மட்டும் எழுதுன ரகசிய எழுத்துன்னு ஒன்னு சொல்றாங்களே, அது இந்தக் கதைகள்ல ஏன் வரல?" சூப்பர் கேள்வி தங்கச்சி, இதுக்கு ஆமா இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு போக முடியாது, கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

முதல்ல வைத்தியர் பொண்ணு, அது கற்பனை இல்ல. மிங் வம்சத்து காலத்துல, இப்ப ஜியாங்சு மாகாணத்துல இருக்குற வூஷிங்கிற ஊர்ல, டான் யுன்ஷியன்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1461ல பொறந்தவங்க. அவங்களுக்கு வைத்தியம் சொல்லிக் குடுத்தது யாரு தெரியுமா, பாட்டி. இந்தப் புள்ள கெட்டிக்காரி, இத ஊசி நூலுக்குள்ள அடைச்சு வைக்க வேணாம், நம்ம வைத்தியத்த கத்துக்கட்டும்னு வீட்டுப் பெரியவங்களே சொல்லியிருக்காங்க. ராத்திரி பகல்னு பாக்காம நாடி புடிச்சு நோய் கண்டுபுடிக்கிற வைத்திய புத்தகமெல்லாம் மனப்பாடம் பண்ணி, புரியாத இடத்த பாட்டிகிட்ட போய் கேட்டுக்குவாங்களாம். எனக்கு ரொம்ப புடிச்சது கல்யாணத்துக்கு அப்புறம் நடந்ததுதான். மூணு பொண்ணு ஒரு பையன், புள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லன்னா வெளி வைத்தியர கூப்புடுவாங்க, அவரு பாத்து சொல்றத கேப்பாங்க, ஆனா அவரு மருந்த குடுக்க மாட்டாங்க! நாம நெனச்சதும் இவரு சொல்றதும் ஒத்துப் போகுதான்னு பாக்கத்தான் அவர கூப்புட்டதே, மருந்து இவங்களே கலக்கிக் குடுப்பாங்க. அந்த வைத்தியருக்கு தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருப்பாருன்னு நெனச்சு நான் சிரிச்சிருக்கேன்.

பாட்டி செத்த பிறகு இவங்களுக்கே பெரிய சீக்கு வந்து படுத்துட்டாங்க, அப்ப கனவுல பாட்டி வந்து, நீ சாக மாட்ட, மருந்து இன்ன புத்தகத்துல இன்ன பாகத்துல இருக்கு, உனக்கு ஆயுசு 73, எழுந்து நாலு பேருக்கு வைத்தியம் பாருன்னு சொன்னாங்களாம். அத பின்னாடி எழுதுன வைத்திய புத்தகத்தோட முன்னுரையில இவங்களே எழுதி வச்சிருக்காங்க. அம்பது வயசு ஆனப்ப கணக்கு போட்டு பாத்தாங்க, அடடா மூணுல ரெண்டு பங்கு முடிஞ்சு போச்சேன்னு உக்காந்து புத்தகம் எழுதுனாங்க, 1511ல வந்துச்சு. பொம்பள வெளிய போய் இதெல்லாம் பாக்க முடியாதுன்னு, நகல் எடுத்து அச்சுக்கு மரக்கட்டையில செதுக்க வைக்கிற வேலைய மகன்கிட்ட குடுத்தாங்க. பாட்டி சொன்ன கணக்கு தப்பாயிடுச்சு பாருங்க, சீனாக்காரங்க வயசு எண்ணுற கணக்குப்படி 96 வயசு வரைக்கும் இருந்துட்டாங்க.

அந்தப் புத்தகத்துல 31 நோயாளிங்க, எல்லாருமே பொம்பளைங்கதான். இங்கதான் உங்க கேள்விக்கு வரேன். பெரிய வீட்டு மருமகள்கள் மட்டும் இல்ல, சூளையில வேல செய்யுற பொம்பள, படகுல சுக்கான் புடிக்கிற பொம்பள, அவங்களும் இருக்காங்க. நாலு சுவத்துக்குள்ள இருந்த ஒரு அம்மாவுக்கு சூளையில எப்பிடி வேலை நடக்கும்னு எப்பிடி தெரியும்? அவங்க சொல்லித்தான் தெரியும், இவங்க கேட்டுத்தான் தெரியும். சீன வைத்தியத்துல பாக்குறது, கேக்குற சத்தமும் வாசனையும், விசாரிக்கிறது, நாடி புடிக்கிறதுன்னு நாலு இருக்கு. ஆம்பள வைத்தியருக்கு பெரிய வீட்டுப் பொம்பளைங்ககிட்ட இதுல பாதிக்கு மேல அடைபட்டுடும், நடுவுல திரை, பதில் சொல்றது புருஷனோ மாமியாரோ. பத்து ஆம்பளைக்கு வைத்தியம் பாத்தாலும் பாக்கலாம் ஒரு பொம்பளைக்கு பாக்காதேன்னு வைத்தியர்களுக்குள்ள பழமொழியே இருந்துச்சு. பொம்பள பொம்பளைகிட்ட உக்காந்து, எப்ப இருந்து ரத்தம் போகுது, என்ன வேல செஞ்ச, வீட்டுல என்ன சண்டைன்னு கேட்டா வர்ற பதிலே வேற. மருந்தும் குடுப்பாங்க, ஆனா நெறைய பேருக்கு மோக்ஸாதான், மாசிபத்திரி இனத்து செடியோட காஞ்ச இலைய பஞ்சு மாதிரி ஆக்கி, உருட்டி, தோலுக்கு மேல வச்சு பத்த வைக்கிறது. அதுக்கு தொடணும், பக்கத்துல உக்காரணும், அது எரிஞ்சு முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மாவா இருப்பாங்க?

இப்ப மருத்துவச்சி. இங்க நாவலாசிரியருங்க கொஞ்சம் சலுகை எடுத்துக்கிறாங்கன்னுதான் நான் சொல்லுவேன். மிங்குக்கு முந்தின யுவான் வம்சத்து காலத்து கடைசியில தாவ் சோங்யிங்கிறவரு "மூணு அத்தை ஆறு பாட்டி"ன்னு ஒரு லிஸ்ட் எழுதி வச்சிட்டு போயிருக்காரு, பிக்குணி, குறி சொல்றவ, தரகு, கல்யாண தரகு, மருந்து விக்கிறவ, பிரசவம் பாக்குறவ இப்பிடி. இவங்கள வீட்டுக்குள்ள விடாதீங்க, பாம்பு தேள் மாதிரி தள்ளி வைங்கன்னு அட்வைஸ் வேற. மருத்துவச்சி ரத்தத்த தொடுறவ, அது மட்டுமா, கொலை கேஸ்ல பொம்பள பொணத்த சோதிக்கவும் அவளத்தான் கூப்புடுவாங்க, சோங் ட்ஸு 1247ல எழுதுன பிரேத விசாரணை புத்தகத்துலயே அது இருக்கு. அப்போ கோர்ட்டு நம்புது, வீட்டுப் பெரிய மனுஷன் திட்டுறான், ஆனா மருமகளுக்கு வலி வந்தா ராத்திரியோட ராத்திரியா அவ வீட்டுக்குத்தான் ஆள் ஓடும். அதனால பெரிய வீட்டு அம்மாவும் மருத்துவச்சியும் ஒரே ரூம்ல இருந்திருப்பாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா சமமா உக்காந்து டீ குடிச்சிருப்பாங்களான்னா, எனக்கு நம்பிக்கை கம்மி. பாசம் இருந்திருக்கலாம், அந்தப் பாசத்துலயும் ஒருத்தி உள்ள உக்காந்திருப்பா, இன்னொருத்தி வாசல்ல நிப்பா. நல்ல நாவல்னா அந்த வாசப்படிய மறைக்காம எழுதணும், அவ்ளோதான்.

எனக்கு ஏன் இந்த சந்தேகம்னா, ரொம்ப பழைய ஹான் வம்சத்து வரலாத்துல பெண் வைத்தியரும் தோழியும் வர்ற ஒரு கதை நெஜமாவே இருக்கு, கேட்டா வயித்த கலக்கும். சுன்யூ யான்னு ஒரு வைத்தியர் அம்மா, ராணி ஷூ பிங்ஜுன் கர்ப்பமா இருக்கப்ப அரண்மனைக்கு போறாங்க. புருஷன் காவல்காரன், போறதுக்கு முன்னாடி ஹுவோ வீட்டு அம்மாகிட்ட சொல்லி எனக்கு ஒரு நல்ல போஸ்ட் வாங்கிக் குடுன்னு அனுப்புறான். அந்தம்மா நாட்டையே ஆட்டி வச்ச ஹுவோ குவாங்கோட சம்சாரம். தோழிய உரிமையா பட்டப்பேரு சொல்லி கூப்புட்டு, நீ என்கிட்ட ஒன்னு கேட்ட, நானும் உன்கிட்ட ஒன்னு கேக்கலாமான்னு ஆரம்பிக்குது. என்ன கேட்டுச்சுன்னா, ராணிய கொல்லணும், என் சின்ன பொண்ணு அந்த இடத்துக்கு வரணும். பிரசவம் ஆன பிறகு மாத்திரையில வசநாபி குடும்பத்து கிழங்க இடிச்சு கலந்துட்டாங்க. ராணி, தலை பாரமா இருக்கே, மருந்துல விஷம் ஏதும் இருக்கான்னு கேக்குது, இல்லன்னு சொல்லிட்டாங்க. கிமு 71. முடியாதுன்னு சொல்ற எடத்துல சுன்யூ யான் இருந்தாங்களா? தோழின்னு அந்தம்மா கூப்புட்டுச்சு, சரிதான், ஆனா யாரு யார உத்தரவு போடுறான்னு பாருங்க.

கடைசியா அந்த ரகசிய எழுத்து, நூஷு. அது டான் யுன்ஷியன் இருந்த வூஷி பக்கமே இல்ல, ரொம்ப தூரத்துல ஹூனான் மாகாணம் ஜியாங்யோங் பக்கத்து கிராமங்கள்ல இருந்தது, அதனாலதான் அந்தப் பக்கத்து கதைகள்ல வரல, வந்திருந்தா தப்புன்னு சொல்லியிருப்பேன். அங்க தோழமைங்கிறது முறையா சத்தியம் பண்ணி சேர்ற உறவு, அதுலயும் ரெண்டே பேர் ஜோடியா சேர்ந்தா லாவோதொங்னு பேரு. அந்த எழுத்தோட வளந்த கடைசி பாட்டின்னு சொல்லப்படுற யாங் ஹுவான்யி 2004ல இறந்தாங்க. கல்யாணம் ஆன பொண்ணுக்கு மூணாம் நாள் தோழிங்க துணி அட்டை போட்ட ஒரு சின்ன புத்தகம் அனுப்புவாங்க, முதல் சில பக்கத்துல இவங்க பிரிவு பாட்டு எழுதியிருக்கும், மீதி பக்கமெல்லாம் வெறுமையா விட்டிருப்பாங்க, அவ எழுதிக்கிறதுக்கு. அதுக்குள்ள பூத்தையல் நூலும் மாதிரி வெட்டுன காகிதமும் செருகி வச்சுக்குவாங்க.