கை தயங்கிய இடம்

நண்பர்களே, ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி என்றாலே நாம் காந்தியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். இன்று அந்த ஓவியங்களின் மைக்கோடுகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

கே.எம். ஆதிமூலம் 1938இல் திருச்சிப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969 காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் ஒரு வரிசையே வரைந்தார். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி தொடர் ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கும் அவர்தான் ஓவியர். பிற்காலத்தில் பெரிய வண்ண ஓவியங்கள் தீட்டினார். ஆனாலும் அவர் உயிர் மைக்கோட்டில்தான் இருக்கிறது என்பேன்.

அந்தக் காந்திகளை அருகில் போய்ப் பாருங்கள். உருவத்தை வெளிக்கோடு போட்டு அடைத்துவிடுவதில்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நெருங்கி நிழலாகின்றன. தொடாமல் விட்ட தாள் காந்தியின் மேல்துண்டாகவும் தலையாகவும் எழுந்து நிற்கிறது. அந்த வெள்ளையை எங்கே விடுவது என்று மை தொடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பிறகு அழிக்க முடியாதே!

தொட்டு வரையும் நிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் நடுவே ஒரு பிளவு. அழுத்தினால் அது விரியும், கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஓடும் கை ஒரு நொடி நின்றால் போதும், அங்கே மை தேங்கி முடிச்சு விழுந்துவிடும். கை தயங்கிய இடத்தைத் தாள் அப்படியே காட்டும். ஆதிமூலத்தின் வேகம் பகட்டுக்காக வந்ததல்ல, இந்தக் கருவி கேட்கிற வேகம் அது.

புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் மை நுனியில் நிற்காமல் துளியாகச் சொட்டும். சொரசொரப்பான தாளில் நிப்பை முன்னோக்கித் தள்ளினால் நார் பிளவில் சிக்கி மை தெறிக்கும். ஆகவே நிப்புக்கு வழவழப்பான தாள்தான். பசையேறாத தாளில் கோட்டின் இருபுறமும் மை பூரான் கால் போலப் பரவும். வாங்கும் முன் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் கலந்து சாம்பல் பூச்சு கொடுப்பவர்கள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளுக்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய தாள் நெளிந்து, பள்ளங்களில் மை தேங்கும். ஒரு பங்கு மைக்கு 4, 10, 20 பங்கு தண்ணீர் என மூன்று கிண்ணங்கள் போதும். காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளுக்கும், அதற்குத் தக்கபடி கலக்குங்கள். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். நாம் தொட்டு வரையும் கரி மையான இந்தியன் இங்க் என்பது தண்ணீரில் மிதக்கும் கரித்தூள். உப்புத் தண்ணீர் பட்டால் பால் திரிவதுபோல் திரிந்து, பூச்சில் மணல் மணலாகத் தெரியும். காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைக்கு வரைந்தவர்கள் ஏன் முழுக் கறுப்புக் கோட்டையே நம்பினார்கள்? அந்தக் காலத்தில் கோட்டோவியத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகச் செய்து அச்சிட்டார்கள். அதில் சாம்பல் நிறம் கிடையாது: மை உண்டு, அல்லது இல்லை. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சுவதால் கோடு சற்றுப் பருக்கும். நெருக்கி இழைத்த கோடுகளைச் சுருக்கி அச்சிட்டால் இடைவெளி அடைத்து, முகம் கரிப்பிடித்த சட்டியாகிவிடும். ஒன்றரை மடங்கு பெரிதாக வரைகிறவர், அச்சில் தெரிய வேண்டிய இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு விட்டாக வேண்டும். வெள்ளையைத் தாராளமாக விட்ட கோட்டோவியம் மட்டமான காகிதத்திலும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. ஃபவுண்டன் பேனா மைகளிலும் ஸ்கெட்ச் பேனாக்களிலும் பெரும்பாலானவை சாயம்; வெயிலில் வெளுத்துவிடும். கரி மை வெளுக்காது. அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள்; மையிலுள்ள அரக்கு உள்ளே இறுகிப் பேனாவையே அடைத்துவிடும். மைக்கு அடியிலுள்ள பென்சில் கோட்டை அழிக்க ஒரு ராத்திரி பொறுங்கள். மழைக்காலச் சென்னையில் தடித்த கறுப்பு மேலே காய்ந்த மாதிரி இருக்கும், ரப்பர் பட்டதும் இழுபடும்.