தீயைக் கூட்டாதீர்கள், கசிவைத் தேடுங்கள்: பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் திருத்துகிறோம்

வணக்கம் உறவுகளே! மட்டக்களப்பு கல்லடியிலிருந்து பேசுகிறேன். மேசையில் நீங்கள் பார்ப்பது 32 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் சிறிய எஞ்சின். நம் உதயதேவி ரயில் ஓடும் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். இதற்குள் பற்றரியும் இல்லை, மின்மோட்டாரும் இல்லை. கொதிகலனில் தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, அவ்வளவுதான். பொம்மை அளவில் இருந்தாலும் இது உண்மையான நீராவி எஞ்சின். அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை.

இங்கிலாந்தில் இருந்து ஊர் திரும்பிய அண்ணர் ஒருவர் இதைக் கொண்டுவந்து தந்தார். "தம்பி, தண்ணீர் நன்றாகக் கொதிக்கிறது, புகைபோக்கியால் ஆவியும் வருகிறது. ஆனால் கையால் தள்ளிவிட்டால்தான் நகர்கிறது" என்றார். இந்த முறைப்பாட்டைக் கேட்டதும் பலர் தீ போதவில்லை என்று முடிவு கட்டி, விளக்கின் திரியைத் தடிப்பாக்குவார்கள். சிலர் பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங்கையும் இறுக்கிவிடுவார்கள். அந்த வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அண்ணர் சொன்னதிலேயே விடை இருக்கிறது: ஓடாமல் நிற்கும் எஞ்சினின் புகைபோக்கியால் ஆவி விடாமல் வருகிறதென்றால், ஆவிக்குக் குறைவில்லை. சிலிண்டருக்குள் போகாமல் வேறு வழியால் தப்பிப் போகிறது.

ஆனாலும் முதலில் கொதிகலனைத்தான் பார்க்க வேண்டும். இது சதுர அங்குலத்திற்கு 15 இறாத்தல் அழுத்தத்தில் வேலை செய்வது. வீட்டுப் பிரஷர் குக்கரும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். உள்ளே வெப்பநிலை 121 பாகை வரை போகும். இந்தக் கொதிகலனின் பொருத்துகள் ஈயப் பற்றாசால் ஒட்டப்பட்டவை. அந்தப் பற்றாசு 183 பாகையில் உருகத் தொடங்கும். தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை. தண்ணீர் வற்றியபின் விளக்கு எரிந்தால் பொருத்து விட்டுப்போகும்.

ஆகவே நெருப்பு மூட்டுவதற்கு முன் தண்ணீரால் சோதிக்க வேண்டும். காற்றடித்துச் சோதிக்கக் கூடாது. அடைபட்ட காற்று கொதிகலன் வெடித்தால் துண்டுகளை வீசி எறியும். தண்ணீர் சுருங்காது, அதனால் வெடிப்பு விட்டாலும் ஒரு சொட்டு கசிந்து அழுத்தம் விழுந்துவிடும். குழாய் வேலை செய்பவர்களிடம் இருக்கும் கைப்பம்பு இதற்குப் போதும். ஆனால் அதிலுள்ள அழுத்தமானி பெரிய குழாய்களுக்கானது, இந்தச் சின்ன அழுத்தத்திற்கு முள் அசையவே அசையாது. சிறிய மானி ஒன்றை மாற்றிப் பூட்டிக்கொள்ளுங்கள். கொதிகலனில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, 30 இறாத்தல் வரை மெதுவாக ஏற்றி, விட்டுப் பாருங்கள். இதோ, முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பொருத்துகளில் ஈரம் இல்லை. கொதிகலன் தேறிவிட்டது.

உள்ளே இருந்த வெள்ளைப் படிவை சிட்ரிக் அமிலக் கரைசல் ஊற்றிக் கழுவி எடுத்தேன். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாரி மழையில் பிடித்து வடித்த தண்ணீர்தான் இதற்கு நல்லது.

இனி முக்கியமான இடத்திற்கு வருவோம். கேமராவை கிட்டக் கொண்டுவருகிறேன். இந்த வகை எஞ்சினில் சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடும். சிலிண்டரின் முகத்தில் ஒரு துளை. அது உட்கார்ந்திருக்கும் தகட்டில் இரண்டு துளைகள், ஒன்று ஆவி வர, மற்றது ஆவி போக. சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது வரும் துளையோடு பொருந்தும், மறுபக்கம் சாயும்போது போகும் துளையோடு பொருந்தும். தனியாக வால்வு கிடையாது. இரண்டு முகங்களும் கண்ணாடிபோலச் சமமாக ஒட்டியிருந்தால்தான் இது நடக்கும்.

இப்போது பாருங்கள். சிலிண்டர் முகத்தில் நீலக் குறிபேனாவால் பூசி, தகட்டில் வைத்து ஆட்டி எடுத்தேன். விளிம்பில் மட்டும் நீலம் அழிந்திருக்கிறது, துளையைச் சுற்றி அப்படியே இருக்கிறது. அந்த இடம் தேய்ந்து குழிந்துவிட்டது. ஆவி நேராக அந்தக் குழியால் புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. அண்ணரின் எஞ்சினுக்கு வந்த நோய் இதுதான்.

மருந்து பொறுமைதான். தடித்த கண்ணாடியின் மேல் 1200 இலக்க வாட்டர் பேப்பரை, அதாவது மிக நைசான உப்புத்தாளை விரித்து, இரண்டு துளி எண்ணெய் விட்டு, முகத்தை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். அரத்தைத் தொடாதீர்கள். விரலை நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள், ஓரத்தில் அழுத்தினால் முகம் சரிந்துவிடும். இடையிடையே நீலம் பூசிப் பாருங்கள். முழு முகத்திலும் சாம்பல் நிறம் சீராக வந்ததும் நிறுத்துங்கள். தகட்டின் முகத்தையும் இப்படியே செய்ய வேண்டும். பிறகு துளைகளுக்குள் தூள் தங்காமல் மண்ணெண்ணெயால் கழுவுங்கள். அந்தத் தூள் உள்ளே போனால் செய்த வேலையையெல்லாம் அதுவே தின்றுவிடும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் எண்ணெயை ஈர ஆவி கழுவிக்கொண்டு போய்விடும். நீராவி எஞ்சினுக்கென்றே விற்கும் தடித்த எண்ணெயைத் தேடி வாங்குங்கள். இந்தச் சிறிய கிண்ணத்தில்தான் அது இருக்கும். ஆவி கிண்ணத்திற்குள் வந்து குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும், எண்ணெய் மேலே எழும்பிச் சிலிண்டருக்குப் போகும். ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பிறகும் அடியில் நிற்கும் தண்ணீரை ஊசியால் இழுத்துவிட்டு எண்ணெய் நிரப்புங்கள்.

விளக்கை ஏற்றிவிட்டேன். பார்த்தீர்களா, அதே திரி, அதே தீ! தள்ளாமலே புறப்பட்டுவிட்டது. அண்ணருக்கு இந்த வீடியோவை இப்போதே அனுப்பப் போகிறேன்.

இடதுபக்கப் பிஸ்டன் தண்டில் மட்டும் இன்னும் சொட்டுகிறது. அங்கே இருப்பது பழைய நைட்ரைல் ரப்பர் வளையம், சூட்டில் இறுகி வெடித்திருக்கிறது. சூடு தாங்கும் விட்டன் ரப்பர் வளையம் கொழும்பிலிருந்து வரவேண்டும். வந்ததும் அதைப் பூட்டுவதைக் காட்டுகிறேன்.