ஒடுங்கிய இடத்தில் ஒரு மணிக்கட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மலக்குடலில் வரும் புற்றுக் கட்டியை ரோபோவின் துணையுடன் அகற்றும் சத்திரசிகிச்சைபற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இதை அறிந்த பெரியவர் ஒருவர் புதுக்குடியிருப்புச் சந்தையில் என்னை மறித்து, "ஐயா, மிசின் பிழை விட்டால் ஆரைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். சத்திரசிகிச்சை நிபுணரைத்தான் பிடிக்க வேண்டும் என்றேன். அந்த இயந்திரம் தானாக ஒரு தையல்கூடப் போடாது. அதே கூடத்தில், சில அடி தள்ளி, திரைக்குள் கண்களைப் பதித்து அமர்ந்திருக்கும் வைத்தியரின் விரல்கள் அசைந்தால் மட்டுமே அதன் கைகள் அசையும்.

மலக்குடல் ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுடையது. ஆனால் அது இருக்கும் இடமோ, புனலைப் போலக் கீழ்நோக்கி ஒடுங்குகிற இடுப்பெலும்புக் கூடு. முன்னால் சலப்பை, பெண்களுக்குக் கருப்பை, பின்னால் முதுகெலும்பின் அடி, இரு பக்கங்களிலும் சிறுநீர் கழித்தலையும் தாம்பத்தியத்தையும் ஆளுகின்ற நூல் போன்ற நரம்புகள். வாய் ஒடுங்கிய குடத்தின் அடியைத் தேய்த்துக் கழுவியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். கை உள்ளே போனால் கண்ணுக்கு வழியில்லை.

இந்த இடத்தில் முள்ளியவளையில் வாழ்ந்த எனது அப்பாச்சியை நினைக்காமல் என்னால் மேலே போக முடிவதில்லை. நாங்கள் நுங்கைப் பெருவிரலால் தோண்டி உறிஞ்சுவோம். அவரோ காயின் தலையைச் சீவியபின், நுங்கின் தோலுக்கும் அதைச் சூழ்ந்த ஓட்டுக்கும் இடையில் நகநுனியை வைத்து, அவசரப்படாமல் சுற்றிவந்து, தோல் கிழியாத முழு நுங்காக எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைப்பார். சரியான இடைவெளி அகப்பட்டால் நுங்கு தானாகவே கழன்று வரும்; ஓர் இழை உள்ளே தவறினால் தோல் கிழிந்து நீர் முழங்கைவரை வழியும். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் பணியாற்றிய பில் ஹீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1982இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். மலக்குடலையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் போர்த்தி ஒரு மெல்லிய உறை உண்டு, அந்த உறைக்கு வெளியே குருதி அதிகம் கசியாத ஓர் இடைவெளி உண்டு, அதன் வழியே போய் முழுப் பொதியையும் கிழியாமல் எடுக்க வேண்டும் என்றார். பொதி கிழிந்தால் புற்றுக் கலங்கள் உள்ளே தங்கி அதே இடத்தில் மீண்டும் முளைக்கக்கூடும். ஆகவே, நேயர்களே, எந்தக் கருவியைப் பிடித்தாலும் செய்ய வேண்டிய வேலை அந்தத் தோலைக் கிழியாமல் காப்பதுதான்.

வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே செய்யும் லப்பரஸ்கோப்பி முறையில் கருவிகள் நேரான நீண்ட கம்பிகள். வள்ளத்தில் தண்டு வலித்தவர்கள் அறிவார்கள், கை ஒரு பக்கம் போனால் தண்டின் நுனி மறுபக்கம் போகும். ரோபோவின் கருவியோ ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் துளையால் உள்ளே போனபின் நுனியில் மணிக்கட்டைப் போல வளைகிறது, கைநடுக்கத்தை வடிகட்டுகிறது, பத்து மடங்குவரை பெருத்த காட்சியை ஆழத்துடன் காட்டுகிறது. இதன் குறையையும் சொல்லவேண்டும். வெளிநாட்டில் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது ரோபோவை இயக்கும் மேசையில் அமர்ந்து ஒரு முடிச்சை இறுக்கினேன். நூல் அறுந்தது, ஆனால் எனது விரலுக்கு எந்த உணர்வும் எட்டவில்லை. நான் பழகிய அந்த இயந்திரத்தில் தொடுஉணர்வு இல்லாததால் கண்ணே கையின் வேலையையும் செய்ய வேண்டியிருந்தது.

பலன் உண்டா என்றால், 10 நாடுகளில் 471 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், இடைநடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் ரோபோ முறையில் நூற்றுக்கு 8.1, லப்பரஸ்கோப்பியில் 12.2. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். பின்னர் சீனாவின் 11 வைத்தியசாலைகளில் நடந்த பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் அதே பகுதியில் நோய் திரும்பியவர்கள் ரோபோ முறையில் 1.6 வீதம், மற்றையதில் 4.0 வீதம். அங்கே கருவியைப் பிடித்தவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும் என்பது எனது கருத்து.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். சத்திரசிகிச்சைக்கு முன்னர் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ கதிர்வீச்சுக்காகப் போகவேண்டியிருப்பதுபற்றியும், மலத்தைச் சேர்க்க வயிற்றில் பொருத்தும் பைபற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். குடல் இணைப்பு ஆறுவதற்காக வைக்கப்படும் அந்தப் பை பலருக்குத் தற்காலிகமானதே என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, மலத்துடன் குருதி போவதை மூலவியாதி என்று எண்ணி மாதக்கணக்கில் வீட்டு மருந்துடன் இருந்துவிடாதீர்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உள்ள மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போய் விடயத்தைச் சொல்லுங்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிகளில் பெரும்பாலானவை வைத்தியரின் கையுறையிட்ட ஒற்றை விரலுக்கே தட்டுப்படும். அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வணக்கம்.